எல்லா நோய்க்கும் ஒரே பாட்டில் என்றால் வாங்காதீர்கள்

மருந்துக்கடைக் கவுன்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவன் என்ற உரிமையில் ஒன்றைச் சொல்கிறேன். யாராவது உங்களிடம் ஒரு மருந்தை நீட்டினால், இது எந்த நோய்க்கு என்று கேளுங்கள். “எல்லாத்துக்கும் நல்லதுங்க” என்று பதில் வந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த வழியே நடையைக் கட்டுங்கள். சர்க்கரை, மூட்டுவலி, குழந்தையின்மை, ரத்தக்கொதிப்பு, கட்டி என்று ஐந்தாறு நோய்களை ஒரே பாட்டிலுக்குள் அடக்கிக் காட்டுகிறவர், அதில் ஒன்றைக்கூடத் தீர்க்கப்போவதில்லை.

இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடுக்க நம் நாட்டில் 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஈரோட்டில் பேருந்துக்குள் ஒட்டிய காகிதத்திலும், உள்ளூர் டி.வி.யிலும், வாட்ஸ்அப்பிலும், சில நேரம் பத்திரிகையின் நடுப்பக்கத்திலும் அந்தப் பாட்டில்கள் கூசாமல் நிற்கின்றன. வாங்கி ஏமாந்தவர்கள் கடைசியில் என்னைப் போன்றவர்களின் கடைக்குத்தான் வருகிறார்கள்.

வீரப்பன்சத்திரம் பக்கம் தறி ஓட்டும் ஒருவரின் மனைவி ஒருநாள் சாயங்காலம் வந்தார். துணிப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கவுன்டரில் வைத்தார்.

“ஏனுங்ண்ணா, இந்த லேகியம் இன்னொண்ணு கிடைக்குமுங்களா? இதச் சாப்பிட்டா மாத்திரையே வேண்டாம்னு பேப்பர்ல போட்டிருந்துதுங்க. அவரும் மாத்திரைய நிறுத்திப்போட்டாருங்க.”

“எப்ப இருந்து அம்மிணி?”

“தை நோம்பிக்கு முன்னால இருந்துங்க.”

“சர்க்கரை பாத்தீங்களா?”

“இல்லீங்க. ஒடம்பு லேசா இருக்குதுன்னு சொன்னாருங்க. அப்பறம் எதுக்குப் பாக்கறதுன்னு விட்டுட்டோமுங்க.”

டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தாடி வைத்த முனிவர் படம் ஒன்று, பச்சை இலை ஒன்று, ‘பக்கவிளைவு அற்றது’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் இல்லை. உரிம எண் இல்லை. பேட்ச் எண் இல்லை. தயாரித்த இடம் என்ற இடத்தில் ஒரு செல்போன் எண் மட்டும் இருந்தது. வெளியே மொபெட்டில் உட்கார்ந்திருந்தவரின் வலது காலைப் பார்த்தேன். பெருவிரலுக்குப் பக்கத்தில் பழைய வேட்டித் துணியால் ஒரு கட்டு. கட்டின் ஓரம் மஞ்சளாக நனைந்திருந்தது. வலிக்குதா என்று கேட்டதற்கு, “ஒண்ணும் தெரியலீங்க” என்றார். சர்க்கரைக்காரருக்குக் காலில் புண் இருந்தும் வலி தெரியவில்லை என்றால் நரம்பு மரத்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். உயிர் தப்பினார். இரண்டு விரல்கள் போயின.

அவர் படிக்காதவர் அல்லர், அசட்டையானவரும் அல்லர். அச்சில் வந்ததை நம்பினார், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையை முதலாக வைத்து நடக்கிற வியாபாரத்துக்கு இந்த நாட்டில் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வயதாகிறது.

வெள்ளைக்காரர் காலத்தில் மூன்று வசதிகள் அடுத்தடுத்து வந்தன. 1860-களில் ஈரோட்டுக்கு ரயில் வந்துவிட்டது. 1877-ல் தபால் இலாகா வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பொருள் வீட்டுக்கு வந்த பிறகு தபால்காரரிடம் பணம் கொடுத்தால் போதும். கூடவே, படிக்கத் தெரிந்தவர்களின் கைக்குப் பத்திரிகையும் பஞ்சாங்கமும் வந்தன. இந்த மூன்றும் சேர்ந்ததும் லண்டனில் செய்த மாத்திரையும் கல்கத்தாவில் செய்த தைலமும் கொங்கு நாட்டுக் கிராமம் வரைக்கும் நுழைந்தன. கடிகாரம், தையல் மெஷின், மண்ணெண்ணெய் அடுப்பு, தாது புஷ்டி லேகியம் எல்லாம் ஒரே வழியில், ஒரே மாதிரியான விளம்பரத்தோடு வந்தன.

அந்தக் காலத்து மருந்துகளில் ‘குளோரோடைன்’ என்று ஒன்று பெரும்பேர் வாங்கியது. ஆங்கிலேயர் படையில் மருத்துவராக இருந்த காலிஸ் பிரௌன் என்பவர், 1848-ல் இந்தியாவில் காலராவுக்கென்று செய்தது. அதில் இருந்தவை அபின் சேர்ந்த லாடனம், கஞ்சாச் சத்து, குளோரோஃபார்ம். அபின் குடலின் அசைவைக் கட்டிப்போடும், பேதி நிற்கும், நோயாளி தூங்கிப்போவார். மருந்து வேலை செய்கிறது என்று பார்த்தவர்கள் நம்பினார்கள். காலராவில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து நீரும் உப்பும் வடிந்துபோவதுதான். அதை ஈடுகட்ட வேண்டியது உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். 1971-ல் வங்காளத்து அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் அதைக் கண்ணெதிரே நிரூபித்துக் காட்டினார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் விற்ற பாட்டில் செய்யாததை, சில ரூபாய்ப் பொட்டலம் செய்தது. அந்தப் பொட்டலத்தின் பெயரையும் வியாபாரம் விட்டுவைக்கவில்லை. சர்க்கரை மிகுந்த பானங்களுக்கு ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று பெயரிட்டு விற்றார்கள். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் போராடிய பிறகுதான், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை போட்டது.

இங்கிலாந்திலிருந்து வந்த பீச்சம் மாத்திரை இன்னொரு உதாரணம். ஒரு பெட்டி ஒரு கினி பொன்னுக்குச் சமம் என்று அதற்கு விளம்பரம் செய்தார்கள். 1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இப்படிப்பட்ட மருந்துகளை வாங்கிப் பிரித்துச் சோதித்து ஒரு புத்தகமே போட்டது. பீச்சம் மாத்திரையில் இருந்தவை மூசாம்பரம், இஞ்சி, சோப்பு. மூசாம்பரம் என்பது கற்றாழையின் பாலை உலர்த்திய கட்டி, நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் இன்றைக்கும் கிடைக்கும், மலத்தை இளக்கும். 56 மாத்திரை கொண்ட பெட்டியின் விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. உள்ளே இருந்த சரக்கின் மதிப்பு அரை ஃபார்த்திங். விலையில் நூற்றில் ஒரு பங்குகூடச் சரக்குக்கு இல்லை. மீதியெல்லாம் விளம்பரத்துக்கும் லாபத்துக்கும் போயிற்று.

நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார், 1914-ல் சென்னைக்கு வந்தார். கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார். அந்த வருமானத்தில்தான் ‘ஆந்திர பத்திரிகா’வை நடத்தினார், சுதந்திரப் போராட்டத்துக்கும் கொடுத்தார். நான் அவரை மதிக்கிறேன். அமிர்தாஞ்சனம் தலைவலிக்குத் தடவும் தைலம். அதைத் தடவினால் சுருக்கென்று இதமாக இருக்கும், அதற்கு மேல் அது எதையும் செய்ய வேண்டியதில்லை. தமிழில் ‘ஆனந்த விகட’னை 1928-ல் வாங்கி வளர்த்த எஸ்.எஸ். வாசனும் விளம்பரத் தொழிலிலும் வி.பி.பி. வியாபாரத்திலும் ஊறி வந்தவர்தான். நம் பத்திரிகைகள் வளர்ந்ததில் மருந்து விளம்பரத்துக்குப் பங்கு உண்டு என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பத்திரிகையின் நம்பகத்தன்மையை மருந்து கடன் வாங்கியது, மருந்தின் பணத்தில் பத்திரிகை நடந்தது. அந்தக் கொடுக்கல்வாங்கல் இன்னும் முடியவில்லை.

அதே காலத்தில், அதே விளம்பரப் பக்கங்கள் வழியாக வந்த மெஷின்களின் கதை வேறு. எங்கள் அம்மாயி வீட்டில் சிங்கர் தையல் மெஷின் இருந்தது. கறுப்பு உடம்பில் தங்கநிறப் பூ வேலை, கீழே இரும்பு மிதி, தோல் வார். சிங்கர் கம்பெனி உலகம் முழுக்கத் தவணையில் விற்று வளர்ந்தது. முழுப் பணம் இல்லாத குடும்பமும் மாதாமாதம் கட்டி வாங்க முடிந்தது. அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நூல் அறுந்தால் ஏன் அறுந்தது என்று அவருக்குத் தெரியும். ஊசியைப் பார்ப்பார், படகைக் கழற்றி நூலிழையைச் சுத்தம் செய்வார், இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார், மறுபடி மிதிப்பார். தையல் நேராக விழுந்தால் சரியாகிவிட்டது. விழவில்லையென்றால் ஆகவில்லை. அந்த இயந்திரம் அவரிடம் எதையும் மறைக்கவில்லை.

இயந்திரங்களை அவ்வளவு சந்தேகித்த காந்தி, சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார் என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. 1924-ல் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஜி. ராமச்சந்திரன், அப்போது இளைஞர். பின்னாளில் டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து காந்திகிராமத்தை உருவாக்கியவர் இவர்தான். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைப் பார்த்த ஒருவர் அன்பினால் செய்த இயந்திரம் அது என்பது காந்தியின் பதிலின் சாரம். அதே காந்தி, தாம் நடத்திய ‘யங் இந்தியா’, ‘நவஜீவன்’ இதழ்களில் விளம்பரமே வாங்கவில்லை. ஒரு மனிதருடைய உழைப்பை உண்மையாகக் குறைக்கும் பொருளை ஏற்றுக்கொண்டார், வாசகரின் நம்பிக்கையை விற்கும் வழியை அடைத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது அவருடைய அளவுகோல் விளங்குகிறது.

கொங்கு நாட்டுக்கு இந்த அளவுகோல் புதிதல்ல. 1932-ல் பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியதும் கோவையின் முகமே மாறியது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். ஜி.டி. நாயுடு சவர இயந்திரம், பழச்சாறு பிழியும் கருவி, மலிவு ரேடியோ என்று வீட்டுக்கு உதவும் பொருள்களாகச் செய்துகொண்டே போனார். மோட்டாரும் வார்ப்படமும் தெரிந்த அந்த ஊரில்தான், 1955-ல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்து வெட் கிரைண்டரைச் செய்தார். ஊத்துக்குளிக் கல்லும் கோவை மோட்டாரும் சேர்ந்த அந்தக் கிரைண்டருக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, மின்விசிறியோடு கிரைண்டரையும் கொடுக்கத் தொடங்கியது. பெண்களின் தோளிலிருந்து எத்தனை மணி நேரத்து வலியை அது இறக்கிவைத்தது என்று ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் வந்த நாள் நினைவிருக்கிறது. விற்க வந்தவர் அதிகம் பேசவில்லை. “ஊறப்போட்ட உளுந்து இருந்தா கொண்டுவாங்கம்மா” என்றார். அம்மா கொண்டுவந்து கொட்டினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தெளித்து, பொங்கி வந்த மாவில் விரலால் ஒரு துளி எடுத்து, சொம்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். மாவு மிதந்தது. மிதந்தால் பதம், மூழ்கினால் இன்னும் ஆட வேண்டும். அம்மா தலையாட்டினார், அப்பா பணத்தை எண்ணினார். அந்தக் கொள்முதலில் ஏமாற இடமே இல்லை. பரிசோதனை வீட்டுக்குள்ளேயே நடந்தது, நடத்தியவர் அதைப் பயன்படுத்தப் போகிறவர், முடிவு கண்ணுக்குத் தெரிந்தது.

மருந்தை அப்படிச் சொம்புத் தண்ணீரில் போட்டுப் பார்க்க முடியாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததன் உயிர்நாடி இதுதான். மருந்தை வாங்குகிறவரால் சோதித்துப் பார்க்க முடியாது. அதனால், விற்பதற்கு முன்பே வேறு யாராவது சோதித்திருக்க வேண்டும்.

ஏன் முடியாது என்று கேட்பீர்கள். ‘நான் சாப்பிட்டேன், எனக்குக் கேட்டதே’ என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. சளி ஒரு வாரத்தில் தானாகப் போகும். மூட்டுவலி கூடும், குறையும். வலி தாங்க முடியாத நாளில்தான் புது மருந்தைத் தேடி ஓடுகிறோம். அந்த உச்சத்திலிருந்து வலி எப்படியும் இறங்கத்தான் செய்யும். இறங்கும்போது கையில் இருக்கும் பாட்டிலுக்குப் பெயர் போகிறது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இன்னும் மோசம். அவை பல ஆண்டுகள் வலிக்கவே வலிக்காது. அந்தத் தறிக்காரர் சொன்ன ‘ஒடம்பு லேசா இருக்குது’ என்பது, அவர் சர்க்கரை எவ்வளவு என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அது அபாயமானது. மூலிகை என்று விற்கப்படும் சில பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்திருப்பதும், சர்க்கரை மருந்து என்று விற்கும் சிலவற்றில் ஆங்கில மாத்திரையையே பொடித்துச் சேர்த்திருப்பதும் பல நாடுகளின் ஆய்வகங்களில் பிடிபட்டிருக்கின்றன. ஸ்டீராய்டு சாப்பிட்டால் மூட்டுவலி இரண்டே நாளில் பறந்துபோகும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், எலும்பு கரையும், சர்க்கரை ஏறும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. முகம் வட்டமாக உப்பி, தோலில் ஊதாக் கோடுகளோடு, ‘நாட்டு மருந்துதானுங்க சாப்பிடறேன்’ என்று சொல்லி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

இதையெல்லாம் உலகம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்துவிட்டது. அமெரிக்காவில் 1905-ல் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற பத்திரிகையாளர் ‘கோலியர்ஸ்’ வார இதழில் இந்த மருந்துகளின் மோசடியைத் தொடராக எழுதினார். மறு ஆண்டே அங்கே சட்டம் வந்தது. மருந்து விளம்பரத்தால் வயிறு வளர்த்த பத்திரிகை உலகத்திலிருந்தே ஒரு பத்திரிகை எழுந்து நின்று அதைச் செய்தது என்பதை நம் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 1930-ல் ஆர்.என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைந்தது. கலப்படமும் போலியும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று அந்தக் குழு அடுத்த ஆண்டு எடுத்துச் சொன்னது. சட்டம் வர 1940 ஆயிற்று. விளம்பரத்துக்கென்று தனிச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகு, 1954-ல் வந்தது. அதன் அட்டவணையில் 54 நோய்களும் நிலைகளும் இருக்கின்றன. சர்க்கரை, புற்றுநோய், கண்புரை, வலிப்பு, இதயநோய், பக்கவாதம், மூட்டுவாதம், உடல் பருமன், பெண்களின் மலட்டுத்தன்மை, ஆண்மைக்குறைவு, உயரத்தைக் கூட்டுவது எல்லாம் அதில் அடக்கம். இவற்றைக் குணப்படுத்துவதாக எந்த மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றுக்கும் இதே தடைதான். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, மறு தடவைக்கு ஓராண்டு வரை என்று அந்தச் சட்டம் தண்டனை வைத்தது.

எழுபது ஆண்டாக இப்படியொரு சட்டம் இருந்தும், அந்த அட்டவணையிலுள்ள நோய்களைத்தான் விளம்பரங்கள் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் 2024-ல் உச்ச நீதிமன்றம் பதஞ்சலி நிறுவனத்தைக் கண்டித்தது, அந்நிறுவனம் பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஆயுஷ் அமைச்சகம், விளம்பரத்துக்கு முன்அனுமதி கேட்கும் 170-ஆம் விதியை விலக்கிக்கொண்டது. அடுத்த மாதம் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டில் வழக்கையே முடித்துவைத்தார்கள். டில்லியில் நடந்த இந்த இழுபறிக்கு நடுவே, இங்கே ஒரு மொபெட்காரரின் கால் அழுகிக்கொண்டிருந்தது.

இதைப் படித்துவிட்டு, ‘இவர் இங்கிலீஷ் மருந்து விற்பவர், சித்த மருத்துவத்தைத் தூற்றுகிறார்’ என்று யாரும் நினைக்க வேண்டாம். சித்த மருத்துவத்தின் பெயரைக் கெடுப்பவர்கள் இந்த டப்பாக்காரர்கள்தான். முறையாகப் படித்த சித்த மருத்துவர் நாடி பார்க்கிறார், நாக்கைப் பார்க்கிறார், ஆளுக்கேற்ப மருந்து கொடுக்கிறார், பத்தியம் சொல்கிறார், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார். முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு ஒரே டப்பாவைக் கூரியரில் அனுப்புகிறவரை அவரோடு சேர்த்துப் பேசுவது அநியாயம்.

எங்கள் ஊர் மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழிலக ஆய்வுக் கவுன்சில் எதிர்த்து வழக்காடி, 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. எப்படி ஜெயித்தது? மஞ்சளைப் பற்றி நம் நாட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததை எடுத்துக் காட்டியது. 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையும் அந்த ஆதாரங்களில் ஒன்று. அறிவு வெளிப்படையாக எழுதப்பட்டிருந்ததால் அதைக் காப்பாற்ற முடிந்தது. மூடிவைத்த ரகசியச் சூத்திரத்தால் யாரையும் காப்பாற்ற முடியாது. அதே மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமினைக் காப்ஸ்யூலில் அடைத்துப் புற்றுநோயை விரட்டும் என்று இன்று விற்கிறார்கள். 2017-ல் அமெரிக்க வேதியியலாளர்கள் வெளியிட்ட விரிவான ஆய்வுரை, நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளுக்குப் பிறகும் குர்குமினுக்கு அப்படிப்பட்ட பலன் நிரூபணமாகவில்லை என்று சொல்கிறது. மஞ்சள் விளைவித்து வாழும் ஊர்க்காரனாகவே சொல்கிறேன்: குழம்பில் போடுங்கள், கால்நகத்துப் பக்கம் கீறலுக்குத் தடவுங்கள், பூசிக் குளியுங்கள். புற்றுநோய்க்கு மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போது மெஷினும் மருந்தும் ஒன்றாகச் சேர்ந்து வருவது புதிய ஆபத்து. ஊருக்குள் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார்கள். சூடாகும் படுக்கைகளை வரிசையாகப் போடுகிறார்கள். வயதானவர்களைத் தினமும் இலவசமாகப் படுக்க வைக்கிறார்கள். “வாங்க அப்பிச்சி, வாங்க ஆத்தா” என்று கையைப் பிடித்து உட்கார வைத்து, வீட்டில் பிள்ளைகள் கேட்காத நலத்தையெல்லாம் கேட்கிறார்கள். சூடு பட்டதும் முதுகுக்கு இதமாகத்தான் இருக்கும். அந்த இதத்தைக் காட்டி, சர்க்கரை குறையும், அடைப்பு நீங்கும், சிறுநீரகம் சுத்தமாகும் என்று சொல்லி, லட்சத்தைத் தொடும் விலைக்கு விற்கிறார்கள். காந்த மெத்தை, காந்த வளையல், தண்ணீரை மருந்தாக்கும் கருவி என்று இதற்குக் கிளைகள் உண்டு. பக்கத்துப் பெருந்துறையில் ஈமுக் கோழிப் பண்ணைகள் 2012-ல் சரிந்து ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்ததைப் பார்த்த ஊர் இது. அந்த ஈமுவின் எண்ணெய்க்கும் மூட்டுவலி போகும் என்ற பேச்சு கூடவே வந்தது.

இந்தப் படுக்கையை விற்பவர், கிரைண்டர் விற்றவர் செய்ததைச் செய்யட்டும். படுப்பதற்கு முன்பும் மூன்று மாதம் கழித்தும் ஆய்வகத்தில் சர்க்கரை பார்த்து, அந்தக் காகிதங்களை மருத்துவரிடம் காட்டட்டும். செய்ய மாட்டார்கள். 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் எல்லாமே மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ‘இது வெறும் மெஷின், மருந்து இல்லை’ என்ற சாக்கு இனிச் செல்லாது. அதிகாரிகள் அந்த மாடி அறைகளின் படியேற வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

முதலில் பத்திரிகைகளிடம். இந்தப் பத்திரிகையையும் சேர்த்தே சொல்கிறேன். விளம்பரப் பிரிவின் மேசையில் அந்த 54 நோய்களின் பட்டியலை ஒட்டி வையுங்கள். அதிலுள்ள ஒன்றைத் தீர்ப்பதாக எந்த விளம்பரம் வந்தாலும் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். முதல் பக்கத்தில் மூடநம்பிக்கையைக் கண்டித்துவிட்டு உள்பக்கத்தில் அதை விற்பது, படிக்கிறவருக்குச் செய்யும் துரோகம். 1925-ல் ‘குடி அரசு’ பிறந்த ஊரிலிருந்து இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு.

இரண்டாவது, அரசிடம். மருந்து ஆய்வாளர்கள் கடைகளில் எங்கள் பில் புத்தகத்தைச் சோதிக்கிறார்கள், நல்லது, சோதிக்கட்டும். விளம்பரங்களைச் சோதிப்பதையும் அவர்களுடைய வேலையாக்க வேண்டும். அதற்கு ஆள் போட வேண்டும். எத்தனை விளம்பரங்கள் மீது புகார் வந்தது, எத்தனை வழக்கு நடந்தது, எத்தனை தண்டனை கிடைத்தது என்று மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 2020-ல் மத்திய அரசு அந்த விளம்பரச் சட்டத்தைத் திருத்த ஒரு வரைவு கொண்டுவந்தது. மறுமுறை குற்றம் செய்தால் ஐந்தாண்டு வரை சிறை, ஐம்பது லட்சம் வரை அபராதம் என்று அதில் இருந்தது. அதைச் சட்டமாக்குங்கள்.

மூன்றாவது, என் தொழில்காரர்களிடம். ஒரு டப்பாவில் உரிம எண், பேட்ச் எண், சேர்மானப் பட்டியல், தயாரிப்பாளரின் முழு முகவரி இந்த நான்கும் இல்லையென்றால் அதை அலமாரியில் ஏற்றக் கூடாது. கமிஷன் எவ்வளவு கொடுத்தாலும் கூடாது. நம் வெள்ளைக் கோட்டை நம்பித்தான் மக்கள் கை நீட்டுகிறார்கள்.

கடைசியாக, வாங்குகிறவர்களிடம். 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது, காசு கிடையாது. அதை நிறுத்திவிட்டு ஆயிரக்கணக்கில் கொடுத்து லேகியம் வாங்காதீர்கள். எந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கினாலும் பழைய மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மருந்துக்கடைக்கு வாருங்கள். அதைப் படித்துச் சொல்வதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை. ஏமாந்துவிட்டோமே என்று கூச்சப்பட்டு டப்பாவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். விளம்பரம் வந்த காகிதத்தோடும் பில்லோடும் எடுத்து வையுங்கள். மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். அந்தக் காகிதம் இல்லாமல் எந்தச் சட்டமும் நகராது.